வடக்கனந்தலில் ஏழு ஜோடிக் காது

காது குத்துவதற்காக ஒரு மனுஷன் நாகர்கோவிலிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் போவானா என்று என் மகன் கேட்டான். கூப்பிடுகிறது பெண்டாட்டியின் சிநேகிதி என்றால் காசி வரைக்கும் போவான் என்றேன். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போகப் போகத் தெரிந்துகொள்வான்.

அந்தச் சிநேகிதியின் பெயர் ஸ்டெல்லா. என் மனைவி தங்கத்தோடு ஒரே ஹாஸ்டலில் இருந்து நர்ஸ் படிப்பு படித்தவர். படித்து முடித்துச் சொந்த ஊரான வடக்கனந்தல் பக்கமே திரும்பிப் போய், கணவர் ஆரோக்கியத்தின் கரும்புக் கொல்லை ஓரத்தில் ஒரு வீடு கட்டினார். எய்ட்ஸ் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களால் கைவிடப்பட்ட பெரியவர்களும், அந்த நோய்க்குப் பெற்றோரைக் கொடுத்துவிட்டு அதே கிருமியோடு வளரும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அந்த வீட்டில் ஏழு பெண் பிள்ளைகளுக்குக் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் ஏழும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டன.

காது குத்துகிறவர்களுக்கு அந்தப் பக்கம் பஞ்சமில்லை. ஸ்டெல்லா இரண்டு பேரைக் கேட்டிருக்கிறார். எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொருவரின் மாமியார் இறந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கேட்டபோது அதே மாமியார் இரண்டாவது முறையாக இறந்தார். அதற்குப் பிறகுதான் நகைப் பட்டறை வைத்திருக்கும் என் ஞாபகம் ஸ்டெல்லாவுக்கு வந்தது.

நானும் பெரிய வீரன் இல்லை. முப்பது வருடமாக வெறுங்கையால் காது குத்துகிறவன் நான். எத்தனை சொட்டு ரத்தம் என் விரலில் பட்டிருக்கும் என்று முதல் முறையாக எண்ணிப் பார்த்தேன். மாத்திரையை நாள் தவறாமல் போடுகிறவர்களின் ரத்தத்தில் அந்தக் கிருமி சோதனையிலேயே தென்படாத அளவுக்கு இறங்கிவிடும், ஆளுக்கொரு புது ஊசி, கையில் உறை, இதற்கு மேல் என்ன பயம் என்று தங்கம் கேட்டாள். மூளைக்குப் புரிந்தது, வயிற்றுக்குப் புரியவில்லை. நூறு கையுறை உள்ள பெட்டி ஒன்றை வாங்கிப் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் விடிகாலையில் இறங்கியதும் டீக்கடைக்காரர் “சக்கர ஜாஸ்தியா கம்மியா” என்று கேட்டார். சர்க்கரையே வேண்டாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லா ஊரிலும் இதே கதைதான் என்பதுபோல் ஆற்றிக் கொடுத்தார்.

வடக்கனந்தல் போகும் டவுன் பஸ்ஸுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. முழுச் சாலையும் தனக்கே பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் போனது. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய் பஸ்ஸை அதன் பக்கவாட்டில் ஒட்டியதும், ஜன்னலோரம் இருந்தவர்கள் கையை நீட்டிக் கரும்பை உருவ ஆரம்பித்தார்கள். டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. எங்கள் ஊரில் பொங்கலுக்கு ஒரு கட்டு வாங்கிச் சாமிக்கு முன் சாத்தி வைப்போம். இங்கே பஸ் பயணத்துக்குப் பொழுதுபோக்கே அதுதான்.

கரும்பின் ருசியில் பையை மறந்துவிட்டு இறங்கிவிட்டேன். நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்த ஆரோக்கியம் அதிகம் பேசாதவர். “பை எங்கங்க” என்று மட்டும் கேட்டார். அடுத்த நிமிடம் அவருடைய மொபெட்டின் பின்னால் நான் தொற்றிக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையத்தில் பஸ்ஸைப் பிடித்தோம். பை யாருடையது என்று பார்க்க அதைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஊசியும் கையுறையும் இருக்கவே, டாக்டர் ஒருவர் பையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். பையைக் கொடுத்த கையோடு கண்டக்டர் ஒரு அம்மாளை முன்னே தள்ளினார். அவர் சேலையை லேசாக உயர்த்தித் தன் முழங்காலைக் காட்டினார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்குள் நுழையவும் எட்டு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மணி என்றால் நிஜ மணி. வாசல் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒரு பெண் பிள்ளை அடித்தாள். உள்ளேயிருந்து, கொல்லையிலிருந்து, அடுப்படியிலிருந்து எல்லாரும் வந்து கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மாத்திரை, தண்ணீர். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரை நேரத்தில் யாரும் சும்மா நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. விருந்தாளியாக இருந்தாலும் எதையாவது வாயில் போட்டு விழுங்க வேண்டும். போன மாதம் வந்த அதிகாரி ஒருவருக்குக் கூட ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்து உட்கார வைத்தார்களாம்.

எனக்கும் பெப்பர்மிண்ட் வந்தது. வேண்டாம், என்னிடமே இருக்கிறது என்று சட்டைப் பையிலிருந்து என் டப்பாவை எடுத்தேன். சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. எல்லாருடைய கண்ணும் என் கைக்கு வந்தது. பிள்ளைகளில் சிலருக்கு ஒரு மாத்திரை, சிலருக்கு இரண்டு. நாலு மாத்திரைக்காரனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த சின்னவள் என் முழங்கையைத் தடவிக்கொடுத்து, “பயப்படாதீங்க தாத்தா, டெய்லி போட்டா ஒன்னும் ஆவாது” என்றாள். பயந்துகொண்டு வந்தவனுக்கு அங்கே கிடைத்த முதல் ஆறுதல் அதுதான். வெட்கமாக இருந்தது.

பைக்குள் ஒளித்து வைத்திருந்த கையுறைப் பெட்டியை ஸ்டெல்லா பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டார்தான், ஆனால் வேறு காரணத்துக்கு. முப்பது வருடமாக எல்லார் காதையும் வெறுங்கையால் குத்தினேன் என்று நானே உளறியதற்கு அரைமணி நேரம் திட்டு வாங்கினேன். யாருக்கு என்ன இருக்கிறது என்று காதைப் பார்த்தால் தெரியுமா, எல்லாப் பிள்ளைக்கும் உறை போட்டுத்தான் குத்த வேண்டும், நாகர்கோவிலிலும் சேர்த்து என்றார். தங்கம் முப்பது வருடம் சொல்லாததை இவர் ஒரே நாளில் சொல்லிவிட்டார். தங்கம் சொல்லியிருக்கலாம், நான் கேட்டிருக்க மாட்டேன்.

அடுப்படிக்கு ராஜா, முருகேசன் மாஸ்டர். கருணாபுரத்துக்காரர், பரோட்டாக் கடையில் மாஸ்டராக இருந்தவர். நோய் தெரிந்ததும் கூடப் பிறந்தவர்கள் முதலில் தனித் தட்டு வைத்தார்கள், பிறகு தனி அறை, கடைசியில் வாசலையே சாத்திவிட்டார்கள். ஸ்டெல்லாவிடம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாராம். இப்போது அவர் மாவை அடித்து வீசினால் அடுப்பு மேடையே அதிர்கிறது. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரிலிருந்து வந்தவன் நான். அவருடைய பரோட்டாவும் தட்டைப்பயறு குருமாவும் மீனை மறக்கடித்தன.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் மடியில் உட்காராமல் குத்தினால் அது காதுகுத்தே இல்லை. ஏழு பிள்ளைகளின் மாமன்களில் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் வீட்டில் இருக்கும் நாலு ஆண்களில் பிடித்தவரை மாமனாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டெல்லா அறிவித்திருக்கிறார். பத்து நாளாகத் தேர்தல் பிரசாரம் நடந்திருக்கிறது. ஒருவர் கடலை உருண்டை கொடுத்தாராம், ஒருவர் சைக்கிளில் ரவுண்டு அடித்துக் காட்டினாராம். முட்டை பரோட்டாவை எதிர்த்து எவராலும் நிற்க முடியவில்லை. மாஸ்டருக்கு மட்டும் மூன்று மருமகள்கள்.

ஏழாவது பிள்ளை சந்தியா யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்பது வயது, மலைக்காரப் பிள்ளை. அம்மா இறந்ததும் தாய்மாமன் காளியப்பன்தான் நாலு வருடத்துக்கு முன் கல்வராயன் மலையிலிருந்து கூட்டிவந்து இங்கே விட்டுவிட்டுப் போனாராம். அப்புறம் அவர் வரவே இல்லை. முட்டை பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அவள் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள்: “எனக்கு எங்க மாமன் கீறாரு. அவுரு மடிலதான் குந்துவேன்.”

காதுகுத்து விஷயத்தை ஸ்டெல்லா மூன்று முறை காளியப்பனின் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். பதில் இல்லை. நாளை மறுநாள் காதுகுத்து, நாளைக்கு நேரிலேயே போய் ஒரு தடவை கேட்டுவிடலாம், நீங்களும் வாங்க அண்ணா, மலையைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றார். சந்தியாவை அழைத்துப் போகவில்லை. மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டாம் என்றுதான். அவள் வாசல் வரை வந்து, அவர் வருவாரா மாட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

மறுநாள் காலையில் வீட்டின் பழைய வேனில் கிளம்பினோம். ஆரோக்கியம் ஓட்டினார். ஸ்டெல்லா, மாஸ்டர், நான். வழியெல்லாம் மரவள்ளிக் கொல்லை. எங்கள் ஊரில் அதற்கு மரச்சீனி என்று பெயர். வேகவைத்து மீன்கறியோடு தின்றால் சொர்க்கம். இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள், லாரி லாரியாக ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சாப்பிட மாட்டீர்களா என்று மாஸ்டரைக் கேட்டேன். வீட்டுக்கு வீடு தின்றுவிட்டால் ஆலைக்கு எதை அனுப்புவது என்று திருப்பிக் கேட்டார்.

கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. நாலாவது வளைவில் வேன் புகைந்தது. ஆரோக்கியம் இறங்கி, மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “அதுக்கு எப்ப இஷ்டமோ அப்பங்க” என்றார். கீழே அணைத் தண்ணீரும் கரும்புப் பச்சையும் தெரிந்தன. எங்கள் பக்கத்து மலை ரப்பரும் ஈரமுமாக இருக்கும், நின்றால் அட்டை ஏறும். இது காய்ந்த மலை. கடுக்காய் மரங்களும் கல்லும் காற்றும். நின்றுகொண்டே தூங்கலாம்போல் இருந்தது.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் காளியப்பனின் வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த, மரியாதையான மனிதர். மனைவி லட்சுமி எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். ஆனால் சாப்பாடு வந்தது. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கிண்ணத்தில் தேன். சாப்பிடாமல் பேச்சே கிடையாது என்றார் காளியப்பன். சாமைச் சோற்றை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். லட்சுமி முதல் தடவையாகச் சிரித்தாள்.

சாப்பிட்டதும் ஸ்டெல்லா ஆப்பிள் பையையும் பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தார். தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, மடியில் உட்கார வைத்தால் வராது, சந்தியா வகுப்பில் இரண்டாவது ராங்க் என்று எல்லாவற்றையும் சொன்னார். காளியப்பன் ஒவ்வொன்றுக்கும் “செரிங்க” என்றார். கடைசியில் வருவீர்களா என்று கேட்டதற்கு “பாக்கலாங்க” என்றார். தமிழ்நாட்டில் எந்த மூலையிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வேனில் ஏறியதும் ஸ்டெல்லாவின் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு சொன்னாலும் பயம் போகாது, பிள்ளையிடம் போய் நான் என்ன சொல்வேன் என்றார். வெள்ளிமலையில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினோம்.

யாரும் பேசாமல் இருப்பது எனக்கு ஒத்துவராது. தாய்மாமன் என்கிற உயிரை நான் நூற்றுக்கணக்கான காதுகுத்தில் பார்த்திருக்கிறேன். தன் இலையில் அப்பளம் உடைந்திருந்ததற்காகக் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிய மாமனை எனக்குத் தெரியும். பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று, முறையாக வெற்றிலை பாக்கு வைத்துத்தானே அழைத்தீர்கள் என்று கேட்டேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். ஆரோக்கியத்தைப் பார்த்தார். “ஆப்பிள் குடுத்தமே” என்றார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்திவிட்டார். மலையில் வெற்றிலை பாக்கு இல்லாமல் வரும் சேதி சாவுச் சேதி மட்டும்தான் என்றார். தாம்பாளத்தில் வைத்து, வாசலில் நின்று, முறை சொல்லி அழைக்காத வீட்டுக்கு மாமன் போனால் சோற்றுக்கு வந்தவன் என்று ஊர் சிரிக்கும். போனில் சொல்லிவிட்டோம் என்று ஸ்டெல்லா இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். கூப்பிடவே இல்லை என்று காளியப்பன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊசி, மருந்து, நோய் என்று எல்லாம் தெரிந்த அந்த அம்மாளுக்கு இது தெரியாமல் போயிற்று. முறையெல்லாம் பார்க்கிறவர்கள் யாரும் பதினைந்து வருடமாக அவர் வீட்டு வாசலை மிதிக்காதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரரின் மனைவி தன் சுருக்குப் பையிலிருந்தே வெற்றிலையும் பாக்கும் எடுத்துக் கொடுத்தார். டீ டம்ளர் தூக்கும் தட்டைக் கழுவித் துடைத்து அதில் வைத்தோம். ஸ்டெல்லா கையை நீட்டியபோது கடைக்காரர் தடுத்தார். பெண்ணின் அப்பன் வழியில் ஒரு ஆண்பிள்ளை கொடுக்க வேண்டும் என்றார். சந்தியாவுக்கு அப்பன் வழியில் யாரும் இல்லை. எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தோம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பன் வழியாக நிற்கிறவர் அப்புறம் மாமனாக உட்கார முடியாது. காளியப்பன் வராவிட்டால் சந்தியா தன் மடிக்குத்தான் வருவாள் என்று மாஸ்டர் நம்பிக்கொண்டிருந்தார். மூன்று மருமகள்களுக்கு எடுத்ததுபோல நாலாவதாக ஒரு பச்சைப் பாவாடையும் எடுத்து ஒளித்து வைத்திருந்தார் என்பது அந்த வீட்டில் சந்தியாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும். தட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்ல ஸ்டெல்லா தயங்கினார்.

மாஸ்டர் தட்டை வாங்கிக்கொண்டார். “நான் சித்தப்பனா நிக்கிறன். அவ கேட்டது அவ மாமன, என்ன இல்லியே” என்றார். அடுப்படியில் அத்தனை சத்தம் போடுகிற மனிதர் அப்போது அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

மறுபடியும் காளியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றோம். தட்டைப் பார்த்ததும் அவர் எங்களை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கால் கழுவி, சட்டை போட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். சந்தியாவின் சித்தப்பன் முறையில் அழைக்கிறேன் என்று மாஸ்டர் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தட்டை வாங்கினார்கள்.

அப்போதுதான் காளியப்பன் வாயைத் திறந்தார். முதல் வருடமே பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார். கதவு பூட்டிக் கிடந்ததாம். வெளியே பொழுது சாயும் வரை நின்றுவிட்டுத் திரும்பினாராம். ஸ்டெல்லா நெற்றியில் அடித்துக்கொண்டார். மாதாமாதம் எல்லாரும் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் அது. “பூட்டுனது உங்களுக்கில்லங்க” என்றார். காளியப்பன் தலையை ஆட்டினார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும் என்றார்.

கிளம்பும்போது லட்சுமி ஸ்டெல்லாவின் பக்கத்தில் வந்து, “குத்துறப்ப ரத்தம் வருமாங்க?” என்று கேட்டாள். ஸ்டெல்லா பொய் சொல்லத் தெரியாதவர். “ஒரு சொட்டு வரும்” என்றார். லட்சுமி ஒரு அடி பின்னால் போனாள். அந்த ஒரு அடியை நாங்கள் எல்லாருமே பார்த்தோம்.

வீடு திரும்பியதும் சந்தியா ஓடி வந்தாள். கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்றார் ஸ்டெல்லா. அது உண்மைதான். இனிமேல் நீ மட்டும் மாஸ்டரை மாமா என்று கூப்பிடக் கூடாது, சித்தப்பா என்று சொல்ல வேண்டும் என்றதும் பிள்ளைகள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சாப்பாட்டுக்குள் சந்தியா அவரை இருபது முறை சித்தப்பா என்று கூப்பிட்டிருப்பாள். தேவைக்குக் கூப்பிட்டது இரண்டு முறை இருக்கும்.

மூன்றாம் நாள் காதுகுத்து. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். முதலில் ஆரோக்கியம் ஒரு ஜெபம் சொன்னார், நாலே வரி. அடுத்து மாஸ்டர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். பிள்ளைகள் புதுப் பாவாடையில் வரிசையாக நின்றார்கள். என்னை இங்கே ஆசாரி என்று யாரும் கூப்பிடவில்லை, பத்தர் என்கிறார்கள். புதுப் பெயரோடு புதுக் கையுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பிள்ளை மாஸ்டரின் மருமகள். சந்தனப் பொட்டு வைத்துக் குறித்தேன். ஊசியை எடுத்தவன், கையுறையை இன்னொரு முறை இழுத்து விட்டுக்கொண்டேன். பிள்ளைக்காகவா, எனக்காகவா என்று நேர்மையாகச் சொன்னால், எனக்காகத்தான். ஸ்டெல்லா என் பின்னால் நின்று தோளில் கை வைத்தார். குத்தினேன். பிள்ளை வீறிட்டாள். அவளைவிடப் பெரிதாக மாஸ்டர் வீறிட்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. அதோடு என் வயிற்றுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மற்ற ஐந்து பிள்ளைகளையும் நான் ஒரு நினைப்பும் இல்லாமல் குத்தினேன், எல்லா ஊரிலும் குத்துவதுபோல.

ஆறு முடிந்தபோது மணி பத்தேகால். சந்தியா பச்சைப் பாவாடையோடு கேட்டில் நின்றாள். மலையிலிருந்து வரும் முதல் பஸ் போய்விட்டிருந்தது. இரண்டாவது பஸ்ஸும் நின்றது. காய்கறிக் கூடையோடு ஒரு ஆள் இறங்கினார், அவ்வளவுதான். பத்தரை ஆயிற்று. எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பன்னிரண்டு வரைக்கும் இருக்கிறது என்று நான் கூசாமல் பொய் சொன்னேன். பன்னிரண்டும் நெருங்கியது. மற்றப் பிள்ளைகள் வாடிப்போய், மாஸ்டர் மாமா மடியிலேயே குந்திக்கோ என்று அவளிடம் கெஞ்ச ஆரம்பித்தார்கள். மாஸ்டர் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். சித்தப்பனாக நின்றவன் மாமனாகக் குந்த முடியாது என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

சந்தியா அழவில்லை. வந்து என் எதிரே நின்று, “அடுத்த வருசம் வருவீங்களா தாத்தா? நான் அப்ப குத்திக்கறன்” என்றாள். வருவேன் என்று சொல்லி ஊசிப் பெட்டியை மூடினேன்.

அப்போதுதான் சாலையில் மேளச் சத்தம் கேட்டது. ஒரு குட்டி லாரி ஊர்ந்து வந்தது. அதில் நின்றுகொண்டும் தொங்கிக்கொண்டும் இருபது பேர். பலாப்பழம், தேன் டின், சாமை மூட்டை, கால் கட்டிய இரண்டு சேவல். தாய்மாமன் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினால் சீர் என்னாவது, ஊர் என்னாவது? விடியற்காலையிலிருந்து வீடு வீடாகப் போய் ஆள் திரட்டியிருக்கிறார்கள். காளியப்பன் வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டோடு இறங்கினார். நேரமாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை, இல்லை, நாகர்கோவில் பஞ்சாங்கத்தில் இன்னும் இருக்கிறது என்று பந்தலில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் பலகையில் உட்கார்ந்து சந்தியாவைத் தூக்கி மடியில் வைத்தார். ஒன்பது வயதுப் பிள்ளை, கால் தரையில் தட்டியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, இருவருக்குமே வெட்கம். லட்சுமி கூட்டத்துக்குப் பின்னால், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் புது உறை, புது ஊசி எடுத்துச் சந்தனப் பொட்டு வைத்து வலது காதைக் குத்தினேன். சந்தியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு சொட்டு ரத்தம் வந்தது. காதின் நுனியில் திரண்டு நின்றது. மேளம் நின்றுவிட்டது. மலையிலிருந்து வந்த இருபது பேரும் அதையே பார்த்தார்கள். நான் பஞ்சுக்குக் கையை நீட்டுவதற்குள் காளியப்பன் தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து அதை ஒற்றி எடுத்தார். எடுத்துவிட்டு, துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

ஸ்டெல்லாவின் நர்ஸ் புத்தி போகுமா? “பஞ்சு கீதுங்களே” என்றார்.

“எங்க அக்கா ரத்தங்க இது” என்றார் காளியப்பன்.

பந்தல் காலை விட்டுவிட்டு லட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வந்து, சந்தியாவின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து ஆடாமல் பிடித்துக்கொண்டு, இடது காதின் மேல் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

“இன்னும் ஒன்னு கீதே, குத்துங்க பத்தரே” என்றாள்.

குத்தினேன்.